விளக்கேற்றாத ஆவணி

நேற்று இங்கே அஜின்கோர்ட் தமிழ்க்கடையில் கறிவேப்பிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் எருக்கலைப்பூ மாலை கிடந்தது. நாளைய ஆவணிச் சதுர்த்திக்காக விமானத்தில் வந்ததாம். எடுத்து முகர்ந்தேன். குளிர்பெட்டி மணம்தான் வந்தது. ஆனாலும் மலர் அன்ரியின் அலுமாரி நினைவுக்கு வந்துவிட்டது.

கனடாவுக்கு வந்த புதிதில் அன்ரி வீட்டு பேஸ்மென்ரில்தான் இருந்தேன். பகலில் பிஸ்கற் ஃபக்டரி, பொழுதுபட்டால் அன்ரியின் புட்டு. வீட்டுக்குப் பின்னால் பெரிய மின்கம்பிகள் போகும் புல்வெளி. அங்கே இடுப்பளவு நின்ற மில்க்வீட் செடியைக் கிள்ளிப் பால் வடிவதைக் கண்ட அன்ரி, அது எருக்கலைதான் என்று முடிவுகட்டிவிட்டார். பூவின் நிறம் வேறாயிற்றே என்றேன். "குளிருக்கு மாறியிருக்கும்," என்றார். நானும் பெரிய தாவரவியல்காரன் மாதிரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். இரண்டும் ஒரே குடும்பம்தான் என்று பிற்பாடு அறிந்தபோது வெட்கமாக இருந்தது.

அந்தச் சதுர்த்திக்கு அன்ரி அதைக் கொப்போடு வெட்டிவந்து, பிள்ளையார் படத்தின் கீழே செம்பில் வைத்தார். சாமியறை என்பது உடுப்பு அலுமாரியின் ஒரு பாதி. கொப்போடு வந்த வரிப்புழு ஒன்று படச்சட்டத்தில் ஏறி, கீழ்விளிம்பில் தலைகீழாகத் தொங்கியது. மறுநாள் புழுவைக் காணோம். அந்த இடத்தில் இளம்பச்சையில் ஒரு கூடு, அதில் தங்கப் பொட்டுகள். யார் வைத்த பொட்டு? வேலைக்குப் போகும் பஸ்ஸை மறந்து நின்றேன்.

விளக்கேற்ற வந்த அன்ரி கையை இழுத்துக்கொண்டார். நேர்கீழே விளக்கு, சூடு பட்டால் உள்ளே இருப்பது செத்துப்போகும். அதுவோ, ஊரில் சண்டைக்குள் அகப்பட்டிருந்த கடைசித் தம்பிக்காக ஒருநாளும் தவறாமல் ஏற்றிவந்த விளக்கு. பூச்சிக்காகச் சாமியை இருட்டில் வைப்பதா என்று அங்கிள் சத்தம் போட்டார்.

"பிள்ளையார் கொஞ்சநாள் பொறுப்பார். உது பொறுக்காது," என்றார் அன்ரி.

அதன்பிறகு தொலைபேசி அடித்தால், விளக்கேற்றாததற்குத் தம்பியின் கெட்ட செய்திதானோ என்று பயந்து அங்கிளை எடுக்கச் சொல்வார்.

ஒரு காலை கூடு கறுத்துக் கிடந்தது. "நான் கொண்டந்து சாக்காட்டிப்போட்டன்," என்று அலுமாரியின் முன் குந்தி அழுதார். தம்பியை நினைத்தும்தான் அழுகிறார் என்று அங்கிளுக்குத் தெரியும். கூட்டை எடுத்தெறிய அவர் என்னைக் கூப்பிட்டார். கிட்டப்போனால், அது கறுப்பே இல்லை. கூடு கண்ணாடியாகியிருந்தது. உள்ளே மடித்துவைத்த செம்மஞ்சள் சிறகு.

பார்த்துக்கொண்டிருக்கவே வெடித்தது. கசங்கிய ஈரத்துணி போல ஒன்று வெளியே வந்து, மெல்ல மெல்ல விரிந்தது. மூவரும் அலுமாரிக்குள் தலையை நீட்டிக் கண்கொட்டாமல் பார்த்தோம். பிறகு நயாகராவையும் பார்த்துவிட்டேன். அங்கேகூட அப்படிப் பார்க்கவில்லை.

"வண்ணாத்திப்பூச்சியெல்லே," என்றார் அன்ரி, சின்னப்பிள்ளைக் குரலில்.

பிள்ளையார் படத்தோடு அதை வெளியே கொண்டுபோனோம். சிறகு காய்ந்ததும் கம்பிகளுக்கு மேலால் ஏரிப்பக்கம் போய்விட்டது. அன்ரி திரும்பிவந்து விளக்கேற்றினார். தம்பி அடுத்த வருஷம் பாரிஸ் போய்ச் சேர்ந்தான். அந்த வெற்றி விளக்குக்கா, பூச்சிக்கா என்று அங்கிள் கடைசிவரை சீண்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் இப்போது இல்லை. நேற்று மாலையை வாங்காமல், கத்தியோடு அந்தப் புல்வெளிக்குப் போனேன். செடிகள் நின்றன. அந்த வருஷத்துக்குப் பிறகு அன்ரி ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்த்துத்தான் வெட்டுவார். நானும் வெளி முழுவதும் புரட்டிப் பார்த்தேன். புழு இல்லை, முட்டை இல்லை, கடித்த ஓர் ஓட்டைகூட இல்லை. பிள்ளையாருக்கு வைக்க இதைவிட நல்ல இலை கிடைக்காது. ஆனால் பிந்தியாவது ஒரு பூச்சி முட்டையிட வந்தால்? எனக்கு வெட்ட மனம் வரவில்லை.