சாதுவின் மதியச் சாப்பாட்டைப் பேசியே தீர்த்தேன்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன பௌத்த விகாரை இருக்கிறது. விகாரை என்பது எழுத்தில் மட்டும்தான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எங்கள் வீதியில் எல்லாருக்கும் அது பன்சலை. அங்கே இருக்கும் வயதான பிக்கு எல்லாருக்கும் சாது. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். முன்பு பேசுவதற்குச் சம்பளம் வாங்கினேன். இப்போது இலவசமாகப் பேசுகிறேன்.

சாதுவின் மதியச் சாப்பாட்டை வீடுகள் முறைபோட்டுக் கொடுக்கும். அதற்குத் தானம் என்று பெயர். முறைகளைப் பிரித்துக் கொடுப்பவர் எங்கள் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி. என் மனைவி அவரை நங்கி, அதாவது தங்கை, என்பாள். அவர் என் மனைவியை அக்கா என்பார். போன வருடம் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தபோது சாது வந்து நோய் தீரப் பிரித் ஓதி மணிக்கட்டில் நூல் கட்டினார். நங்கி நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்தார். எழுந்து நடக்கத் தொடங்கியதும் மனைவி கேட்டது ஒன்றைத்தான்.

"கை நீட்டி வாங்கினனான். ஒரு நேரமாவது என்ட கையால குடுக்க வேணும்."

பல மாதம் காத்திருந்து ஒரு முறை கிடைத்தது. நங்கி விதிகளைச் சொன்னார். "பன்னெண்டுக்கு முதல் சாப்பிட்டு முடிக்கணும். தாண்டினா அடுத்த நாள் காலமைதான். சாது வாயால கேக்கமாட்டார். நாங்கதான் கையில குடுக்கணும்."

இறக்கக்கண்டிப் பாரை மீனில் குழம்பு, முருங்கைக்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், மூதூர் எருமைத் தயிர், அதன்மேல் ஊற்றக் கித்துள் மரத்துப் பாணி. விடிய முதலே குசினி மணந்தது. வீட்டு மண்டபத்தில் நல்ல கதிரைக்கு வெள்ளைத் துணி விரித்தோம். சாது நேரத்தோடு வந்து அமர்ந்தார். இந்த வீட்டில் அன்று ஒழுங்காக நடந்த காரியங்கள் அத்தோடு முடிந்தன.

பன்சலை வாசலில் அதன் வரலாற்றை மூன்று மொழியிலும் எழுதி ஒரு பலகை வைக்க சாது விரும்பினார். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. துறைமுகத்துக்கு வேலைக்கு வந்த சிங்களத் தொழிலாளர்கள் ஒரு தகரக் கொட்டில் போட்டு, ஓர் அரசங்கன்றை நட்டுத் தொடங்கிய இடம் அது என்பதில் எங்களுக்குள் பிரச்சினை இல்லை. குழப்ப காலத்தில் பன்சலை பூட்டிக் கிடந்தபோது அரச மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? ஒரு கடற்படைச் சமையல்காரர் என்றார் சாது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஒரு தமிழர் என்றேன் நான். இப்படியான விஷயங்களுக்கு இந்த ஊரில் பெரிய சண்டைகள் நடந்திருக்கின்றன. தேத்தண்ணி குடித்தபடி நடந்த ஒரே சண்டை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்று என் கையில் புதிய சாட்சிகள் இருந்தன. ஆரம்பித்தேன். மனைவி குசினி வாசலில் நின்று, "இஞ்சாருங்கோ, கொண்டு வரட்டோ?" என்றாள். பொறு என்று கையைக் காட்டினேன். கொஞ்சம் கழித்து, உதவிக்கு வந்திருந்த நங்கி எட்டிப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைக் கரண்டியால் காட்டினார். தலையை ஆட்டிவிட்டுத் தொடர்ந்தேன்.

எழுதக் கூசுகிறது. பேச்சில் நேரத்தை மறந்துவிட்டேன் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் நான் வென்றுகொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு சாட்சி, அதன்பின் சாப்பாடு என்று நினைத்தேன்.

பள்ளிவாசலில் லுஹர் என்ற மதியத் தொழுகைக்கு வாங்கு சொல்லத் தொடங்கியது. அந்த மாதத்தில் அது பன்னிரண்டு தாண்டித்தான் கேட்கும் என்பது எங்கள் வீதியில் குழந்தைக்கும் தெரியும். மனைவி சோற்றுக் கோப்பையோடு மண்டபத்துக்குள் வந்து நின்றுவிட்டாள்.

"மாஸ்டர்," என்றார் சாது சிரித்தபடி, "பாடம் முடிஞ்சுது. என்ட சாப்பாடும் முடிஞ்சுது." பிறகு மனைவியைப் பார்த்தார். "அம்மா, வெறுந் தேத்தண்ணி குடிக்கலாம்."

இஞ்சி போட்டுக் கொடுத்தாள். சாது போனதும் என்னிடம் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கும் பன்னெண்டு தாண்டிட்டுது."

சமைத்தது முழுவதும் சந்தி ஆட்டோக்காரருக்குப் போனது. பின்னேரம் அவர்களில் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டி, "மாஸ்டர், மீன் குழம்பு திறம்! கிழமைக்கொருக்கா இப்படிக் கதையுங்கோ" என்றார். நான் வெறும் வயிற்றோடு கையசைத்தேன்.

அடுத்த நாள் பன்சலைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். சாது முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். "பசி எனக்குப் பழக்கம், மாஸ்டர். அம்மாட முகத்தத்தான் பாக்க ஏலாமப் போச்சு." நான் இவ்வளவு நேரமும் அவருடைய பசிக்குத்தான் வருந்திக்கொண்டிருந்தேன். என் மனைவியின் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்பது அங்கேதான் உறைத்தது.

இன்னொரு முறை கேட்டு நங்கியிடம் போனேன்.

"அக்காவுக்கு முறை குடுக்கலாம். மாஸ்டருக்குக் குடுக்க ஏலாது."

"அப்ப அண்டைக்கு நான் வெளியில போறன்."

"தேவையில்ல. வீட்டுக்காரர் இருக்கணும். வாய் மட்டும் இருக்கக் கூடாது." தன்னுடைய முறையையே தூக்கிக் கொடுத்தார்.

அந்த நாள் வந்தது. நான் பாயில், சாதுவைவிடத் தாழ்வாக, கைகட்டி அமர்ந்தேன். நங்கி எனக்கு நேரே நின்றார். மனைவி இரண்டு கையாலும் கோப்பையை நீட்ட, சாது வாங்கிக்கொண்டார். சாப்பிடத் தொடங்குமுன் என்னைப் பார்த்தார்.

"நான் விசாரிச்சன், மாஸ்டர். உங்கட கிரேன்காரரும் ஊத்தியிருக்கார், எங்கட சமையல்காரரும் ஊத்தியிருக்கார். ஒருத்தர் ஊத்தினது மத்தவருக்குத் தெரியாது. அதுதான் மரம் அளவுக்கு மிஞ்சி வளந்து மதிலை உடைச்சிட்டுது."

இதற்கு என்னிடம் மூன்று மறுப்புகள் இருந்தன. விழுங்கினேன்.

போதும் என்றால் சாதுமார் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடுவார்கள். மனைவி குழம்போடு குனிந்தாள். சாதுவின் கை மடியிலேயே இருந்தது. ஊற்றினாள். பால்கறியோடு வந்தாள், கை அசையவில்லை. மறுபடியும் குழம்புச் சட்டியோடு வந்தபோதும் அது மடியில்தான் கிடந்தது. அவர் அவ்வளவு சாப்பிடுகிறவர் அல்ல. மனைவி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். இந்த முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.