இரண்டு ஒச்சப்பன்கள்

சிலமலையில் பெண் பேசுகிறவர்கள் முதலில் முனியசாமியிடம்தான் முறை கேட்பார்கள். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று ஏழு தலைமுறையை ஒப்பிக்கிற ஆள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் சுருளிவேலுக்கு மாயக்காளைப் பேசியபோது, "ரெண்டும் ஒச்சப்பன் வாரிசு. அண்ணன் தங்கச்சி முறை, ஆகாது" என்று ஒரே போடாகப் போட்டார். மாயக்காளை ராசிங்காபுரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

மூன்று வருடம் கழித்து ஒரு பழைய பத்திரம் அவர் கைக்கு வந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தார். அமாவாசை மகன் ஒச்சப்பன், தன் மச்சினன் ஜக்கையன் மகன் ஒச்சப்பனுக்கு எழுதிக்கொடுத்தது. ஒச்சப்பன் ஒருவரல்ல, இருவர். ஒருவர் சுருளிவேல் வழி, மற்றவர் மாயக்காள் வழி. அதுவும் மாமன் மச்சான். மாயக்காள் சுருளிவேலுக்கு உரிமைப் பெண்.

அன்றைக்கே மலையேறினார். சுருளிவேல் ஏலத்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தான். சொல்லி முடித்ததும் அரிவாளைக் கீழே போட்டான்.

"போன வாரம் சந்தையில பாத்தேண்ணே. நல்லாருக்கியா தங்கச்சின்னு கேட்டேன். இனி அவள என்னன்னு கூப்புட?"

"ஊரைக் கூட்டி, நாந்தான் தப்பாச் சொன்னேன்னு சொல்லிர்றேன்ப்பா."

"வாயத் தொறக்காதண்ணே. அவ புருசன் காதுல விழுந்தா அவ வாழ்க்கையும் போயிரும்."

இறங்குகிற வழியில் பொட்டிபுரத்துக்காரர் ஒருவர் மறித்து, மகனுக்கு முறை பார்க்கவேண்டும் என்றார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுய்யா" என்று முனியசாமி தலைகுனிந்து நடந்தார்.