பூ வெளியே, பீடி உள்ளே

1. முதல் நாள்

கம்பத்தில் ஏலக்காய் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு முழம் மல்லிகைக்காக. பண்ணைப்புரத்தில் பஸ் ஏறும்போது புதுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரிதான் கிளம்பினேன். கேட்டிலேயே மறித்துவிட்டார் எடைக்காரர் சின்னச்சாமி அண்ணன்.

“பூவக் கழட்டி அந்த ஆணில மாட்டிட்டு உள்ள போ ஆத்தா. காயி வாடைய இழுத்துக்கிரும்.”

ஏலக்காய் அப்படிப்பட்ட சரக்கு. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாடையைத் தனக்கு வாங்கிக்கொள்ளும். வாங்க வருகிற வியாபாரி ஒரு கை அள்ளி, விரல்களை மூடி, உள்ளே வாயால் ஊதி மோந்து பார்ப்பார். வேறு வாடை தெரிந்தால் கையை உதறிவிட்டு அடுத்த ஸ்டோருக்குப் போய்விடுவார். அதனால் எங்களுக்குப் பூ கிடையாது, பவுடர் கிடையாது, வாசனைத் தைலம் கிடையாது. வாசல் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருந்தார்கள். காலையில் எல்லா ஆணியிலும் பூ தொங்கும். சாயந்தரம் வாடியதை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போவோம். எங்கள் வீட்டுக்காரர்களுக்கு வாய்த்ததெல்லாம் வாடின பூதான் என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

காயைத் தரம் பார்த்துப் பொறுக்குகிற வேலையில் சேர்ந்த நான் பிற்பாடு சூப்பர்வைசர் ஆகி, இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண்கள் கோயிலிலோ பஸ்ஸிலோ பார்த்தால், “ஈஸ்வரிக்கா, நம்ம ஸ்டோர்ல பீடிச் சண்ட ஒண்ணு நடந்துச்சாமே?” என்று கேட்கிறார்கள். நடந்தது. ஆனால் ஆளாளுக்குக் கை கால் வைத்துச் சொல்கிறார்கள். நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

2. மேரி

எங்கள் ஸ்டோரில் மூன்று இடங்கள். காய் பொறுக்குகிற ஹால், மூட்டை அடுக்குகிற குடோன், இரண்டுக்கும் நடுவே தகரம் போட்ட எடைக் கொட்டகை. ஹாலிலும் குடோனிலும் பீடி, சிகரெட் பற்றவைத்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். கொட்டகையில் மட்டும் கேட்பாரில்லை. அங்கே காய் திறந்து கிடக்காது. சாக்குக்குள் கனமான பிளாஸ்டிக் பை, அதற்குள்தான் காய். வாடை ஏறாது. ஆகவே லோடுமேன்கள், டிரைவர்கள், சின்னச்சாமி அண்ணன், சமயத்தில் முதலாளியும்கூட அங்கேதான் புகைப்பார்கள். மத்தியானம் பெண்கள் நாங்கள் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிடுவதும் அங்கேதான்.

அந்தக் கொட்டகையில் மூட்டை வாய் தைக்கிற வேலை பார்த்தவள் ஆரோக்கியமேரி. ராயப்பன்பட்டிக்காரி. முதலில் ஹாலில் என் பக்கத்தில்தான் இருந்தாள். காய்த்தூசி ஆகாமல் அவளுக்கு வீசிங் வந்துவிட்டது. அவள் புருஷன் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போய் வருஷத்துக்கு ஒருதரம் வந்தால் உண்டு. இரண்டு பிள்ளைகள் படிப்பதும் சாப்பிடுவதும் இவள் சம்பளத்தில்தான். வேலையை விட்டுவிடலாம் என்று அவள் அழுதபோது, முதலாளியிடம் பேசி அவளுக்குத் தையல் வேலையை வாங்கிக் கொடுத்தவர் சின்னச்சாமி அண்ணன். கூடப்பிறந்தவர் இல்லாத குறையை அவர் தீர்த்தார். “தாயி” என்றுதான் கூப்பிடுவார். டீ வந்தால் முதல் டம்ளர் மேரிக்கு.

அந்த மனிதர்தான் கொட்டகையில் அதிகம் பீடி குடிப்பவரும். தராசுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் மேரி. காற்று மலைப்பக்கமிருந்து அடித்தால் புகை நேராக அவள் முகத்துக்குப் போகும். தூசியிலிருந்து தப்பித்து வந்தவள் புகையில் மாட்டிக்கொண்டாள். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தைப்பாள். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

“சொல்லேன்டி,” என்றேன் ஒருநாள்.

“எப்பிடிக்கா சொல்றது? இந்த எடமே அவுக வாங்கிக் குடுத்தது.”

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. உதடு கறுத்துவிட்டது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா என்னைத்தான் திட்டினார். “இந்தப் பொண்ணு புகையில உக்காந்து வேலை பார்க்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா நான் பொறுப்பில்லை.”

திரும்பி வரும் வழியில் மேரி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தாள். “இந்த மாசத்தோட நின்னுர்றேங்க்கா,” என்றாள்.

3. கொட்டகை உள்ளேயா வெளியேயா

எனக்குக் கோபம் வந்தால் ராத்திரி தூக்கம் வராது, பகலில் வாய் நிற்காது. மறுநாள் முதலாளி வந்ததும் நேரே போய்ச் சொன்னேன், கொட்டகையில் யாரும் பீடி குடிக்கக் கூடாது என்று. அவர் மோசமான மனிதர் அல்ல. தீபாவளிக்குச் சேலை எடுக்கும்போது நிறம் பிடிக்கிறதா என்று கேட்டு எடுக்கிற ஆள். ஆனால் முடிவெடுக்கச் சொன்னால் காதைச் சொறிவார்.

“சட்டம் இருக்குல்ல முதலாளி? பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல கூட எழுதி ஒட்டியிருக்காக.”

“ஒட்டியிருக்காக. நாமளும்தான மாட்டிருக்கோம்,” என்றார்.

மாட்டியிருந்தோம், வாஸ்தவம். சுகாதாரத்துறை ஆபீசர் ஒருவர் வந்தபோது கொட்டகைத் தூணில் ‘புகை பிடிக்காதீர்’ என்று போர்டு மாட்டினார்கள். அதே ஆணியில் ஒரு கயிறு கட்டி, பீடித் துண்டு போடக் கொட்டாங்கச்சியும் தொங்கவிட்டிருந்தார்கள்.

மத்தியானம் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார். பேச்சு நன்றாகத்தான் ஆரம்பித்தது. லோடுமேன் ஒருவர், மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு பீடி குடித்தால்தான் அடுத்த நடைக்குக் கால் எழும்பும் என்றார். அவர் முதுகைப் பார்த்தால் எனக்கும் அது பொய்யாகத் தெரியவில்லை. இன்னொருவர், “ரோட்ல லாரி விடுற பொகைய என்ன செய்யப் போறீக?” என்றார்.

சின்னச்சாமி அண்ணன் மெதுவாகத்தான் கேட்டார். “ஏந்தாயி, நீ வெறகடுப்புல சமைச்ச ஆளுதான? அந்தப் பொக செய்யாததயா எம் பீடி செஞ்சிருச்சு?”

மேரி தலை குனிந்தபடியே சொன்னாள். “அதையும் டாக்டர் சொல்லித்தாண்ணே விட்டேன். கடன ஒடன வாங்கி கேஸ் அடுப்பு வச்சேன். இங்கன நான் என்ன செய்யட்டும்? இந்தக் காயிக்காச்சும் பிளாஸ்டிக்கு ஒண்ணு, சாக்கு ஒண்ணுன்னு ரெண்டு சட்ட போட்டிருக்கு.”

அண்ணனின் முகம் சிறுத்துவிட்டது. “இந்த எடத்தக் கேட்டு வாங்கிக் குடுத்தவன் நானு. என்னையவே வெளிய அனுப்பப் பாக்குற,” என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அவருக்கு வலித்தது எனக்குத் தெரிந்தது. மேரிக்கு அதைவிட வலித்தது. மூச்சு இழுத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

முதலாளி காதைச் சொறிந்தார். “கட்டப்பனையிலருந்து வியாபாரிக வருவாக. சிகரெட்ட அணைன்னு நான் எப்பிடிச் சொல்றது? ஹாலு, குடோனு ரெண்டும் உள்ளு. கொட்டக வெளி மாதிரிதான். சட்டம் உள்ளுக்குத்தான். விட்ருங்க.”

ஒரு கூரை, இரண்டு சுவர், நடுவே உட்கார்ந்து வேலை செய்கிற பெண். அது வெளியாம். ஏலக்காய் திறந்திருந்தால் அந்த இடம் உள்ளே, மனுஷி திறந்திருந்தால் வெளியே. இத்தனை வருஷம் நாங்களும் அதை அப்படியே நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறோம்.

4. வெள்ளிக்கிழமை

அன்று சாயந்தரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மற்ற பெண்களிடம் என் யோசனையைச் சொன்னேன். மேரி பயந்துபோனாள். “வேணாங்க்கா. எனக்காக எல்லாரு பொழப்பும் போயிரக் கூடாது,” என்றாள். “வாய மூடு, நாளைக்கு வெள்ளிக்கிழமை, பூ வச்சுட்டு வா,” என்றேன்.

மறுநாள் காலையில் வாசல் ஆணி ஒன்றிலும் பூ இல்லை. நாங்கள் அத்தனை பேரும் தலையில் பூவோடு போய் எடைக் கொட்டகையில் உட்கார்ந்தோம். மல்லிகை, பிச்சி, கனகாம்பரம், ஒருத்தி மரிக்கொழுந்துகூட. தாழம்பூ கிடைக்கவில்லை என்று ஒரு கிழவிக்கு வருத்தம். ஹாலுக்குள் ஒருத்தியும் போகவில்லை. ஆக, ஏலக்காய்க்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

முதலாளி கையில் சிகரெட்டோடு வந்தார். கொட்டகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“என்ன ஈஸ்வரி இது? வியாபாரி வர்ற நேரம். உள்ள பூவோட உக்காந்திருக்கீக?”

“இது உள்ளயா முதலாளி? நேத்து வெளின்னு சொன்னீக. வெளியன்னா பூ வச்சுக்கிருவோம். உள்ளன்னா, நாங்க பூவக் கழட்டுறோம், நீங்க அத அணைங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பூக்களைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கடைசியில் மூக்கை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த மேரியைப் பார்த்தார். அவளை அவர் சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

“வக்கீல் வீட்ல பெறக்க வேண்டியவ நீ,” என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு நடந்து போய் சிகரெட்டை ரோட்டில் போட்டு மிதித்தார். நாங்கள் வரிசையாகப் போய்ப் பூவை ஆணியில் மாட்டினோம்.

கட்டப்பனை வியாபாரி வந்தது அதற்கப்புறம்தான். வழக்கம்போல் கொட்டகையில் நின்று பாக்கெட்டை எடுத்தார். முதலாளிக்கு வேர்த்துவிட்டது. திக்கித் திணறி, “இங்கன… இப்ப…” என்று ஆரம்பித்தார்.

“இவிடெ வலிக்கான் பாடில்லே? ஓ, செரி. அவிடெயும் அங்ஙனெதன்னெ,” என்று மலையாளத்தில் சொல்லி, இங்கே பிடிக்கக் கூடாதா, சரி, தங்கள் ஊரிலும் இப்படித்தான் என்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டு, அவர் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டிப் போய் எதிர்ப்புறம் இருந்த புளியமரத்தடியில் நின்று புகைத்துவிட்டு வந்தார். இந்த மனிதர் கோபித்துக்கொள்வார் என்று பயந்துதான் அத்தனை வருஷம் எங்களைப் புகைபோட்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

5. சாரல்

கொட்டாங்கச்சி போனது. மேரி நின்றுவிடவில்லை. மூச்சு சீராகி, முந்தானை மூக்கை விட்டு இறங்கி, நெடுநாளைக்கப்புறம் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தோம். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னச்சாமி அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எடையைச் சொல்லுவார், அவ்வளவுதான். தாயி இல்லை. டீ டம்ளரைத் தள்ளி வைப்பார். பீடி குடிக்க ரோட்டைத் தாண்டிப் புளியமரத்துக்குப் போய்விடுவார், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த வயசில் பீடியை விடு என்றால் விடுகிற ஆளில்லை அவர். மேரி தைத்துக்கொண்டே அந்த முதுகைப் பார்ப்பாள்.

ஆடி மாசம். மேற்கு மலைப் பக்கமிருந்து காற்றும் சாரலுமாக அடித்த ஒரு நாள். புளியமரத்துக்குக் கீழே ஒதுங்க இடமில்லை. அண்ணன் துண்டைத் தலையில் போட்டு, உள்ளங்கைக்குள் பீடியைப் பொத்திக்கொண்டு நனைந்தபடி நின்றார். மேரி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். என் குடையை எடுத்தாள். நான் கேட்பதற்குள் ரோட்டில் இறங்கிவிட்டாள். பின்னாலேயே வாசலுக்குப் போனேன். சண்டைக்குப் போகிறாளோ என்று எனக்குப் பயம்.

“அண்ணே, நனையாதீகண்ணே,” என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

அவர் திரும்பினார். அவள் வருவதைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பீடியை ஓடுகிற தண்ணீரில் வீசினார். அப்போதுதான் பற்றவைத்த பீடி.

“கிட்ட வராத தாயி! பொக இருக்கு. அங்கனயே நில்லு, அங்கனயே நில்லு!”

தலையில் கிடந்த துண்டை உருவி, தன்னைச் சுற்றியிருந்த புகையை அந்த மழைக்குள் நின்று வீசி வீசி விரட்டினார். மேரி நடுரோட்டில் குடையைப் பிடித்தபடி நின்றாள். பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. காற்று சுத்தமாகிவிட்டது என்று அவருக்குத் திருப்தி ஆனபிறகுதான் அவளை வரச் சொன்னார். இரண்டு பேரும் ஒரே குடையில் திரும்பி வந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழையில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் மேரியே முதலாளியிடம் போய்க் கேட்டாள், புளியமரத்தடியில் நான்கு தகரம் போட்டுக் கொடுங்கள் என்று. அவர் காதைச் சொறியாமல் சரி என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் மூச்சுக்கு வேண்டியதைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, நான்கு பேர் சேர்ந்து நின்றால் நடக்கவும் செய்யும். ஆனால் வெளியே போகச் சொன்னோமே, அவர் அங்கே எப்படி நிற்கிறார் என்று ஒரு எட்டு போய்ப் பாருங்கள். நான் போகவில்லை. மேரிதான் போனாள்.