காட்டாமணக்கு பிடுங்கிய நாட்கள்

ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் காட்டாமணக்கை முதலில் நட்டவள் நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில், பூ அழகாக இருக்கிறதே என்று அம்மா வீட்டிலிருந்து நாலு குச்சி வெட்டி வந்து வீட்டுக்குப் பின்னால், ஏரிக்கரையில் ஊன்றினேன். ஒரே மழையில் துளிர்த்து, ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் பூத்தது. பக்கத்து வீட்டு அக்கா ஆசைப்பட்டு இரண்டு குச்சி கேட்டாள். கொடுத்தேன். வேலியோரம் நட்டாள்.

சில வருஷங்களில் அது கரையை விட்டு ஏரிக்குள் இறங்கிவிட்டது. மதகே தெரியவில்லை. அக்காவின் வெள்ளாடு அதையே தின்று பழகி, கால் நடுங்கி, எலும்பும் தோலுமாகச் செத்தது.

போன வருஷம் நூறு நாள் வேலையில் அதை அழிக்கச் சொன்னார்கள். வருகை எழுதி, ஆள் பிரித்து வேலை வாங்கும் மேட்டு நான். வெட்டினால் விழுந்த துண்டெல்லாம் முளைக்கும், வேரோடு பிடுங்கணும் என்றார் ஓவர்சியர். முதல் நாளே எல்லாருக்கும் கை அரித்தது.

"எவ கொண்டாந்து வெச்சா இத?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்குப் பயம் வந்தது. மேட்டு வேலை போய்விடுமோ என்று தோன்றியது. "அதோ, அவங்க வேலியில இருந்துதான் வந்துச்சு" என்று அக்காவைக் காட்டினேன்.

முழங்கால் சேற்றில் நின்றவள் நிமிர்ந்தாள். "இன்னாம்மா சொல்ற? நீதான குடுத்த?"

"நான் எங்கக்கா குடுத்தேன்? மறந்துட்டியா?"

வருகைப் பதிவு நோட்டு என் கையில் இருந்தது. எல்லாரும் என் பேச்சையே எடுத்துக்கொண்டார்கள்.

"அப்போ மதகாண்ட அவளே பிடுங்கட்டும்" என்றார்கள். அங்கேதான் சேறு ஜாஸ்தி. கழிவுத் தண்ணீரும் தேங்கியிருந்தது. நான் மறுத்திருக்கலாம். அவள் பேரைத்தான் அங்கே எழுதினேன்.

தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்து ஏற்கெனவே உரிந்த கைகள் அவளுக்கு. கையுறை கேட்டாள்.

"கம்மியாத்தான் வந்துச்சுக்கா. எல்லாத்தையும் குடுத்துட்டேன்" என்றேன். என் பையில் ஒரு ஜோடி இருந்தது.

நாலாம் நாள் அவளால் விரலை மடக்க முடியவில்லை. மகள்தான் சோறு ஊட்டினாளாம். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. நான் ஆப்சென்ட் போட்டேன்.

மதகு திறந்தாயிற்று. ஊரில் இப்போது அவளுக்குப் பேர் காட்டாமணக்குக்காரி. யாராவது அவள் வீட்டுக்கு வழி கேட்டால் அந்தப் பேரைச் சொன்னால்தான் தெரிகிறது. நானும் அப்படித்தான் சொல்கிறேன்.