உள்ளே கூப்பிட்ட குரல்

லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில், கதவு திறந்திருந்தும் எல்லோரும் அறைக்கு வெளியே காத்துநிற்கிறோம். உள்ளே இருப்பது, ஐரோப்பியர் ஒருகாலத்தில் நியூசிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் படகின் செதுக்கு முகப்பு. அதைச் செதுக்கியவரின் வம்சத்திலிருந்து ஒரு தாயும் மகளும் பார்க்க வந்திருக்கிறார்கள். மகள் மட்டும் உள்ளே அந்த முகப்பருகே நிற்கிறாள். தாய் எங்களோடு வெளியே. பக்கத்தில், எழுதிவந்த வரவேற்புரையோடு அருங்காட்சியக அதிகாரி.

"ஏன் யாருமே உள்ள போகலை?" என்று காவலரைக் கேட்கிறேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"வீட்டுக்காரர் கூப்பிடாமல் போக ஏலாது, அண்ணை. அது அவையின்ர முறை. முந்தி வந்தவையும் இப்பிடித்தான்."

"வீட்டுக்காரர் இந்த அதிகாரிதானே?"

"அவரும் வெளியிலைதானே நிக்கிறார்!" காவலர் சிரிக்கிறார்.

உள்ளிருந்து மகள், முன்னோர் சார்பில், எங்களைக் குரலெடுத்து அழைக்கிறாள். அவர்கள் நாட்டில் வெள்ளையர் நடத்திய பள்ளிகளில் பேசினால் பிரம்படி விழுந்த மொழி, இங்கே கூரைவரை எழும்புகிறது. தாய் அதே மொழியில் பதில் பாடிக்கொண்டு, தலை நிமிர்ந்து முதல் அடி வைக்கிறாள்.

அதிகாரி வரவேற்புரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விருந்தாளியாக அவள் பின்னால் நடக்கிறார்.