எதிர்வீட்டு நீலாம்பாள்

இது நடந்தது. நான் கதை கட்டிவிட்டதாக நினைப்பவர்கள் திருப்பனந்தாளில் இறங்கி, மினி பஸ் பிடித்து எங்கள் தெருவுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். இரண்டு வீடுகளைக் காட்டுவார்கள். ஒன்று ஆனந்தவல்லி வீடு. அதற்கு நேர் எதிரே ராஜ்குமாரின் மாடி வீடு. காட்டியதும் நிற்க மாட்டார்கள். நடையைக் கட்டிவிடுவார்கள்.

ராஜ்குமார் பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவன். அப்பா அம்மா இல்லை. நிலம் குத்தகைக்குப் போய்விட்டது. முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணப் பேச்சுக்கு மசியாதவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு பகடை உருட்டுகிறான் என்றால் தெரு சும்மா இருக்குமா? விசாரித்துவிட்டோம். அது சூதாட்டம் இல்லையாம், கதை விளையாட்டாம். ஒருத்தன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, பேசிப் பகடை உருட்டி, கதைக்குள்ளே போவார்கள். வழியில் எதிர்ப்படும் ராணி, திருடன், காவல்காரன் எல்லோருக்கும் நடத்துபவனே குரல் கொடுக்க வேண்டும். நடத்துபவன் ராஜ்குமார். ஆட வந்தவர்கள் திருவாரூரில் அவனோடு படித்த மலர்க்கொடியும் அஹமது கபீரும். அவன் வீட்டு வாசலை மிதித்த மனுஷர்கள் அந்த இரண்டு பேர்தான். கபீர் பிறகு வாய்விட்டுச் சொன்னதால் மாடிக்குள் நடந்ததும் எங்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு மலர்க்கொடி பகடையைத் தள்ளி வைத்தாள்.

"உன் ராணியும் திருடனும் ஒரே மாதிரி பேசுறாங்கடா. ரெண்டுமே நீதான். சலிச்சுப் போச்சு."

கபீர் சிரித்து மழுப்பினான். ஆனால் கும்பகோணத்தில் வேறொரு கூட்டம் நன்றாக ஆடுகிறது, இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு அங்கே போகலாம் என்று அவனும்தான் சொன்னான். அவர்கள் போய்விட்டால் ராஜ்குமாருக்குப் பேச ஆள் கிடையாது. அந்த வாரம் முழுக்க அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்த்தான்.

ஆனந்தவல்லி தனிக்கட்டை. புருஷன் காலமாகிவிட்டார். மகன் பிரபு சிங்கப்பூரில். அவள் இடது செருப்பைத் தேய்த்துத்தான் நடப்பாள். சரக்... சரக்... தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும். சாயங்காலம் இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, எதிரே ஒன்றை வைத்து, கடைசியில் அதையும் அவளே குடிப்பாள். பூவரச இலையில் வைத்து அவித்த கொழுக்கட்டை என்றால் உயிர். எங்கே கிளம்பினாலும் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, ஆளில்லாத வீட்டைப் பார்த்து, "இரு, வந்துடறேன்" என்பாள். இதையெல்லாம் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ராஜ்குமார் சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டான்.

ஞாயிறு வந்தது. அவன் கதைக்குள் நீலாம்பாள் என்று ஒருத்தி வந்தாள். கோட்டைக்குத் தண்ணீர் விடும் மதகைக் காப்பவள். இடது செருப்பைத் தேய்த்து நடந்தாள். அவ்வளவுதான். மலர்க்கொடி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கபீர் செல்போனை எட்ட வைத்தான். கும்பகோணம் பேச்சே எழவில்லை. கிளம்பும்போது மலர்க்கொடி, "அந்தம்மா அடுத்த வாரமும் வரணும்" என்றாள்.

மறுநாள் காலை ஆனந்தவல்லி கடைக்குப் போனாள்.

சத்தமில்லை. இரண்டு காலும் பூப்போல எழும்பி இறங்கின. வாதம் சரியாகிவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது. ராஜ்குமாரும் அப்படியே நினைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு நீலாம்பாள் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள். கபீர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மறுநாள் ஆனந்தவல்லி ஒரே டம்ளரில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு எதிரே இருந்த வெறுந்தரையை வெகுநேரம் பார்த்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு, கொழுக்கட்டை. மறுநாள் பக்கத்து வீட்டு ரெத்தினம் எப்போதும்போல ஒரு தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனந்தவல்லி ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினாள். இது என்ன பண்டம் என்று கேட்டாள்.

ராஜ்குமார் அதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தான். தான் எடுத்தது அவளிடம் மிஞ்சுவதில்லை என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மலர்க்கொடி போனில் கேட்டாள். இந்த ஞாயிறு நீலாம்பாள் உண்டுதானே?

உண்டு என்றான்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதையும் கொடுத்தான். நீலாம்பாள் மதகடிக் குடிசையைப் பூட்டினாள். மூன்று தரம் இழுத்தாள். "இரு, வந்துடறேன்" என்றாள். மலர்க்கொடி விசும்பிவிட்டாள்.

அவர்கள் போனதும் கதவு தட்டப்பட்டது.

டொக்... டொக்...

வெயில் இன்னும் இறங்கவில்லை. வாசலில் ஆனந்தவல்லி. கையில் சாவி.

"தம்பி... வீட்டைப் பூட்டிட்டு நான் ஒண்ணு சொல்லுவேனே. என்ன அது?"

நாக்கு நுனியில் இருந்தது அவனுக்கு. சொன்னால் அது அவளிடமே திரும்பிப் போய்விடும். அடுத்த ஞாயிறு நீலாம்பாள் வெறும் அட்டைப் பொம்மை.

"தெரியலீங்க அத்தை."

"உங்க மாடியில சொல்லிக்கிட்டிருந்தாங்க. கேட்டுச்சு."

"நீங்க வீட்டுக்குப் போங்க அத்தை."

அவள் தெருவைப் பார்த்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எது என் வீடு?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் முழுக்க அவள் வீடு வீடாகப் போய்ச் சாவியைப் போட்டுப் பார்த்தாள். ரெத்தினம் வீட்டில். ரேஷன் கடையில். பிள்ளையார் கோயில் கேட்டில். தெரு சிரித்தது. நானும்தான். பொழுது சாய வாய்க்காலில் கிடந்தாள். புதுத்தண்ணீர் விட்ட சமயம். சாவி கையிலேயே இருந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. சிங்கப்பூரிலிருந்து வந்த பிரபு, அம்மாவுக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும் என்றான்.

யாருக்கும் நினைவு வரவில்லை. ரெத்தினத்துக்குக்கூட. பிரபு நெற்றியில் அடித்துக்கொண்டான். பெற்ற பிள்ளைக்கே தெரியவில்லை.

"பூவரச இலைக் கொழுக்கட்டை" என்றான் கூட்டத்தில் நின்ற ராஜ்குமார்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவசரமாக அவித்தார்கள். கொல்லையில் இலை போட்டுப் படைத்தார்கள். பிரபு காக்காயைக் கூப்பிட்டான். கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

ஒன்றும் வரவில்லை.

டக்... டக்... டக்...

சத்தம் தெருப்பக்கம் கேட்டது. போய்ப் பார்த்தோம். ராஜ்குமாரின் மாடி ஜன்னலில் வரிசையாகக் காக்கைகள். கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருந்தன. உள்ளே போக.

துக்கத்துக்கு வந்திருந்த கபீருக்கு முகம் வெளுத்தது. நீலாம்பாள் தின்றதும் இதே கொழுக்கட்டைதான். விட்ட இடம் மறக்காமலிருக்க அவன் எல்லா ஞாயிறும் ஆட்டத்தைப் போனில் பதிவு செய்பவன். கடைசி ஞாயிறு நீலாம்பாள் பேசியதைப் போட்டுக் காட்டினான்.

பிரபு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மா குரல்ண்ணே இது."

"நான்தான் பேசினேன்" என்றான் ராஜ்குமார்.

மற்ற ஞாயிறுகளையும் போட்டார்கள். மலர்க்கொடி பேசினாள். கபீர் சிரித்தான். பகடை உருண்டது. ராணியாகப் பேசியது ஆனந்தவல்லி. திருடனாகப் பேசியதும் ஆனந்தவல்லி. கதையை நடத்தியதும் ஆனந்தவல்லி.

ராஜ்குமார் குரல் எங்கேயும் இல்லை.

கபீரும் மலர்க்கொடியும் அதற்குப் பிறகு வருவதில்லை. அவன் மட்டும் இருக்கிறான். தினம் சாயங்காலம் வெளியே கிளம்புகிறான். பூட்டை மூன்று தரம் இழுக்கிறான். "இரு, வந்துடறேன்" என்கிறான். அது யார் குரல் என்று தெருவுக்கே தெரியும்.

போன வாரம் அவன் பூட்டிவிட்டுப் படியிறங்கிய நேரம், ரெத்தினம் அந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறாள்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் தட்டும் சத்தம்.

டொக்... டொக்...

ஆண்குரல்.

"அத்தை... திறந்துவிடுங்க அத்தை..."

படியிறங்கியது திரும்பிப் பார்க்கவில்லை.

சரக்... சரக்... சரக்...