மகளின் குரல் தணிந்தபோது

விவேக் நகரில் காது கேளாத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அந்த டீச்சரின் கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். குழந்தை உள்ளே வந்ததும் முதலில் அதன் காது மெஷினைக் கழற்றுவார். ஸ்டெதாஸ்கோப் போன்ற ஒரு குழாயில் அதைப் பொருத்தி, தன் காதில் மாட்டிக்கொண்டு, "ஆ, ஈ, ஊ" என்று தானே சொல்லிக் கேட்பார். அவருக்குத் திருப்தியானால்தான் பாடம்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. மெஷின் வருவதற்கு முன் அவள் "அப்பா" என்று கத்தினால் ஈஜிபுராவில் எங்கள் தெருவே திரும்பிப் பார்க்கும். மெஷின் மாட்டிய சில வாரங்களில் அந்தக் குரல் அடங்கிவிட்டது. இருந்த பேச்சும் போய்விடுமோ என்று பயந்து, பெரிய புத்திசாலி மாதிரி, வீட்டில் அதைக் கழற்றி வைத்தேன். டீச்சரிடம் சொன்னபோது திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் என் மகளின் மெஷினைக் கழற்றிவிட்டு, அவளுக்கு என்னைக் காட்டினார். "அப்பா!" ஜன்னல் அதிர்ந்தது. திரும்ப மாட்டிவிட்டுக் காட்டினார். "அப்பா." எதிரில் இருப்பவரைக் கூப்பிடும் குரல்.

"பாத்தீங்களா சார்? இப்பதான் அவ குரல் அவளுக்கே கேக்குது. அப்புறம் எதுக்குக் கத்தணும்? இனிமே கழட்டாதீங்க, சொல்லிட்டேன்."

எனக்குக் கண் கலங்கியது. அவரோ அடுத்த குழந்தையின் மெஷினைத் தன் காதில் வைத்து "ஆ, ஈ" என்று தொடங்கிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஏதோ சொன்னாள். அதைக் கேட்க, முதல் முறையாக, நான் குனிய வேண்டியிருந்தது.